சீரடிக்குப் போகிறவர்களுக்கு: நாசிக்கில் ஒரு நாள், ஸ்பார்க்ளிங் ஒயின் பார்க்க

பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, வியாசர்பாடி என்று எங்கள் வட்டாரத்தில் சீரடிக்கு ஆள் போகாத தெரு கிடையாது. வாரத்தில் ஒரு நாள் சென்ட்ரலில் இருந்து நேராகச் சாய்நகர் சீரடிக்கே ரயில் இருக்கிறது. கும்பலாகப் போவார்கள், தரிசனம் முடிப்பார்கள், சனி சிங்கணாப்பூருக்கு ஒரு நடை போவார்கள், திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து சாலையில் சுமார் 90 கிலோமீட்டர் போனால் மேட்டு நிலத்து ஊரான நாசிக். இந்தியாவிலேயே ஒயின் ஆலைகள் அதிகம் உள்ள மாவட்டம் அதுதான். நுரைத்துப் பொங்குகிற ஸ்பார்க்ளிங் ஒயினில் நம் நாட்டின் பெரிய பெயர்களும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு நாள் கையில் மிஞ்சினால் அங்கே என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில், ஃபர்னிஷிங் பிரிவில் ஏர் பிரேக் டெஸ்டிங் பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் சூரியன் எந்தப் பக்கம் மறைகிறது, எங்கே நின்றால் போட்டோ நன்றாக வரும் என்பதெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். பிரஷர் எங்கே ஏறுகிறது, எதைக் கொண்டு அடைக்கிறார்கள், எப்படித் திறந்து விடுகிறார்கள் என்பதுதான் என் கண்ணில் படும். ஸ்பார்க்ளிங் ஒயின் செய்கிற இடத்தில் பார்க்க வேண்டியதும் அதுதான் என்பது என் கட்சி. குடிக்கப் பாட்டில் எங்கேயும் கிடைக்கும். அது உருவாவதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போகிறோம்.

உயரம் என்றால் எவ்வளவு உயரம்

மேட்டு நிலத்து ஒயின் ஆலை என்றதும் ஊட்டியைக் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். நாசிக் தக்காணப் பீடபூமியில் 600 மீட்டரை ஒட்டி இருக்கிறது. மலை வளைவு, பனிமூட்டம் எதுவும் இல்லை. சமவெளி மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த 600 மீட்டருக்கு ஒரு வேலை இருக்கிறது.

திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். இரவும் சூடாக இருந்தால் புளிப்பு வேகமாகக் கரைந்துபோகும். கடலோரத்தில், நம்மூர் மாதிரி ராத்திரியிலும் புழுங்குகிற இடத்தில், அதைப் பிடித்து வைக்க முடியாது. நாசிக்கில் டிசம்பர், ஜனவரியில் பகலில் 28, 30 டிகிரி அடித்தாலும் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகிற நாட்கள் உண்டு. பக்கத்தில் நிபாட் என்று ஒரு ஊர், மகாராஷ்டிராவில் குளிருக்குப் பேர் போனது. இந்தப் பகல்-இரவு வித்தியாசத்தில்தான் பழத்தில் புளிப்பு தங்குகிறது. புளிப்பு இல்லாவிட்டால் ஸ்பார்க்ளிங் ஒயின் வெறும் சோடா.

உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால்தான் நுரை அதிகம் என்று ஒரு டாக்ஸி ஓட்டுநர் எனக்கு விளக்கினார். நம்பாதீர்கள். அந்த உயரத்தில் வெளிக்காற்று அழுத்தம் கடலோரத்தைவிட 7 சதவீதம் அளவுக்குத்தான் குறைவு. பாட்டிலுக்குள் அதைப்போல ஆறு மடங்கு உட்கார்ந்திருக்கும்போது இதெல்லாம் கணக்கிலேயே வராது.

ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மங்கி குல்லாவும் எடுத்துக்கொண்டால் கேலி செய்கிறவர்கள் காலையில் அதைத்தான் கடன் கேட்பார்கள்.

எந்த மாதம்

ஐரோப்பாவில் திராட்சை அறுவடை ஆகஸ்டில் இருந்து அக்டோபருக்குள். நாசிக்கில் அப்போது மழை. அதனால் நம் நாட்டு விவசாயிகள் கொடியை வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிக்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. இரண்டாவது கத்தரிப்பில் விடுகிற காய்தான் குளிர்காலத்தில் பழுத்து, ஜனவரியில் இருந்து மார்ச்சுக்குள் அறுவடைக்கு வருகிறது. ஸ்பார்க்ளிங்குக்கு உரிய பழத்தை எல்லாவற்றுக்கும் முதலில், சர்க்கரை முழுதாக ஏறும் முன்பே பறித்துவிடுவார்கள். டிசம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடுவதும் உண்டு.

ஆகவே பொங்கல் லீவு அருமையான நேரம். கொடியில் பழம் இருக்கும், ஆலையில் சாறு பிழிகிற பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் போனால் ஊர் முழுக்கப் பச்சையாக இருக்கும், ஆனால் கொடியில் ஒன்றும் இருக்காது. ஏப்ரல், மேயில் போவது வெயிலுக்குக் காணிக்கை செலுத்துவது.

ஜனவரி 26 லீவு என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். மகாராஷ்டிராவில் அன்றைக்கு டிரை டே, மது விற்க மாட்டார்கள். அக்டோபர் 2ம் அப்படித்தான். தேர்தல் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் செவ்வாய், புதன், வியாழனில் போங்கள். சனி ஞாயிறில் மும்பையும் புனேயும் அங்கே வந்து இறங்கிவிடும். ஒரு ஆலையில் ஞாயிறு மத்தியானம் நாற்பது பேரை ஒரே வரிசையாக ஓட்டிக்கொண்டு போனார்கள். வழிகாட்டிப் பெண் பேசியது முதல் ஐந்து பேருக்குத்தான் கேட்டது. இன்னொன்று, 2027இல் நாசிக்கில் கும்பமேளா. அந்த நேரத்தில் அறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

போகிற வழி

சீரடி ரயிலில் போனால் ஒரு பகல் ஒரு ராத்திரி உட்கார வேண்டும். சீரடியில் இருந்து சின்னர் வழியாக நாசிக்குக் காரில் இரண்டு மணி நேரம், நெரிசல் இருந்தால் இன்னும் கொஞ்சம். பஸ்ஸும் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது மும்பைப் பாதை. சென்னையில் இருந்து மும்பை ரயிலில் போய் கல்யாணில் இறங்கி, அங்கிருந்து நாசிக் ரோடு போகிற வண்டியில் ஏற வேண்டும். சுற்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கசாராவில் இருந்து இகத்புரி வரை ரயில் மலை ஏறுகிற அழகுக்காகவே போகலாம். 37 அடிக்கு 1 அடி ஏற்றம். கசாராவில் வண்டி நிற்கும், பின்னால் பாங்கர் இன்ஜின் மாட்டித் தள்ளுவார்கள். சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம். இகத்புரி வந்ததும் ஜன்னலில் காற்றே மாறிவிடும். பீடபூமி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அங்கேதான் உடம்புக்குப் புரியும். பெட்டி மட்டும் நம் பழைய நீலப் பெட்டியாக இருக்காது. அந்த ரகத்தை ஐ.சி.எஃப்.பில் 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டோம்.

நாசிக் ரோடு ஸ்டேஷன் ஊருக்கு வெளியே. ஒயின் ஆலைகள் ஊருக்கு மறுபக்கம், மேற்கே, கங்காபூர் அணைப் பக்கம். ஸ்டேஷனில் இருந்து 20 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் வண்டி பிடித்துப் போய்விடலாம், திரும்பி வரும்போதுதான் தவிப்பீர்கள். நாள் வாடகைக்கு ஒரு காரைப் பேசிவிடுங்கள். யாரும் ஸ்டியரிங் பிடிக்கவும் வேண்டாம்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு யோசனை. என் வீட்டுக்காரம்மா முதலில் மடக்கினார்.

"ஏங்க, கோவிலுக்குன்னு கிளம்பிட்டு வழியில இது தேவையா?"

"கோவில் காலையில. அது மத்தியானம்மா. ரெண்டும் ஒரே ரோட்டுப் பக்கம்தான்."

பொய் இல்லை. திரியம்பகேஸ்வரர் கோவில் நாசிக்கில் இருந்து 30 கிலோமீட்டருக்குள், அதே மேற்குப் பக்கம். கோதாவரி உற்பத்தியாகிற பிரம்மகிரியும் அங்கேதான். விடியற்காலையில் கிளம்பித் தரிசனம் முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஆலைக்குப் போவது சரியாக வரும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பஞ்சவடி, காளாராமர் கோவில், ராம்குண்டம் மூன்றும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன, முந்தின நாள் மாலையில் முடித்துவிடலாம். ஆலைகளில் குடிக்காதவர்களும் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறது. வீட்டுக்காரம்மா அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

எந்த ஆலை

ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் போகாதீர்கள்.

சூலா எல்லாருக்கும் தெரிந்த பெயர். கலிஃபோர்னியாவில் ஆரக்கிள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த ராஜீவ் சாமந்த் தொடங்கியது. முதல் ஒயின் 2000இல் வந்தது. 2005இல் பார்வையாளர்கள் ருசி பார்க்கும் அறையைத் திறந்தார்கள், நாட்டிலேயே அதுதான் முதல். சுற்றிக் காட்டுவது முதல் சாப்பாடு வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும், கூட்டமும் இருக்கும். அதே சாலையில் சற்றுத் தள்ளி யார்க். இங்கிலாந்து ஊர் என்று நினைக்க வேண்டாம், தொடங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேருடைய பெயரின் முதல் எழுத்துகள். 2021இல் சூலாவே அதை வாங்கிவிட்டது. இடம் சிறியது, எதிரே கங்காபூர் நீர்த்தேக்கம். செனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையில் ஸ்பார்க்ளிங் செய்கிறார்கள். கேள்வி கேட்கிற ஆளாக இருந்தால் முதலில் யார்க், அப்புறம் சூலா.

வடக்கே திண்டோரியில் ஷாண்டோன் இருக்கிறது. மொயெட் ஹென்னஸி என்ற பிரெஞ்சு நிறுவனத்தினுடையது, 2013இல் இந்தியாவில் முதல் பாட்டில் விட்டார்கள். பேரே ஸ்பார்க்ளிங்குக்குத்தான். ஆனால் முன்கூட்டிக் கேட்டு உறுதி செய்யாமல் வாசலில் போய் நிற்காதீர்கள். இகத்புரிப் பக்கம் சஞ்சேகாவில் குரோவர் ஜாம்பா, அவர்களுடைய ஸ்பார்க்ளிங்குக்கு சுவாரே என்று பெயர். மும்பைப் பாதையில் வருகிறவர்கள் இகத்புரியிலேயே இறங்கி அதைப் பார்த்துவிட்டு நாசிக் வரலாம்.

வயதானவர்களுக்கு ஒமர் கய்யாம் என்ற பாட்டில் நினைவிருக்கலாம். 1980களில் புனே-நாசிக் சாலையில் நாராயண்காவில் செய்தார்கள். இந்திய ஸ்பார்க்ளிங்குக்கு வெளிநாட்டில் முதலில் பேர் வாங்கித் தந்தது அதுதான். அந்தக் கம்பெனி பின்னால் நொடித்துப்போனது. 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்து வரிச் சலுகை கொடுத்தது. நாசிக்கில் ஆலைகள் வரிசையாக முளைத்தது அதற்கு அப்புறம்தான்.

போகிற வழியெல்லாம் பந்தல் போட்டுப் படர்ந்திருக்கிற திராட்சையைப் பார்த்து ஒயின் தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அது தின்கிற பழம், ஒரு பகுதி ஏற்றுமதிக்குப் போகும். ஒயின் திராட்சை பெரும்பாலும் கம்பி கட்டி, வேலி மாதிரி வரிசையாக நிற்கும். பழம் சின்னது, தோல் கனம், கொட்டை இருக்கும். பறித்து வாயில் போடாதீர்கள், மருந்து தெளித்திருப்பார்கள்.

உள்ளே எதைப் பார்ப்பது

காலால் திராட்சை மிதிக்கிற தொட்டி ஒன்று வைத்திருப்பார்கள். அது வேடிக்கைக்கு. பிள்ளைகள் இருந்தால் இறக்கிவிடுங்கள். உண்மையான வேலையைச் செய்வது பிரஸ். பெரிய உருளைக்குள் ஒரு பை, அதில் காற்றை ஏற்றினால் பை ஊதி, பழத்தை மெதுவாக நசுக்கும். தோலும் கொட்டையும் கிழிபடாமல் சாறு மட்டும் வர வேண்டும், ஸ்பார்க்ளிங்குக்கு அது முக்கியம். அங்கே பிரஷர் கேஜைப் பாருங்கள், எவ்வளவு கம்மியில் ஓடுகிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

சாறு ஸ்டீல் டேங்கில் குளிர்ச்சியில் புளித்து, சாதாரண வெள்ளை ஒயின் ஆகும். அடிப்படை ஒயின் என்பார்கள். ருசி பார்க்கக் கொடுத்தால் முகம் சுளிப்பீர்கள், அவ்வளவு புளிப்பு. அதில் நுரை கிடையாது. கதை இனிமேல்தான்.

அந்த ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்கு 24 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து, சோடா பாட்டிலுக்குப் போடுகிற தகர மூடியால் அடைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடும். போவதற்கு வழி இல்லை, வாயு ஒயினிலேயே கரையும். சுமார் 4 கிராம் சர்க்கரைக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது கணக்கு. 24 கிராமுக்கு ஆறு. எங்கள் ரயில் பெட்டியில் பிரேக் பைப்பில் நிற்கிற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ, ஃபீட் பைப்பில் 6 கிலோ. இரும்புக் குழாய், ஹோஸ், கப்ளிங், காக் என்று போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி லீக் பார்த்து நாங்கள் அடைத்து வைக்கிற அதே அழுத்தத்தை ஒரு கண்ணாடி பாட்டில் வருடக்கணக்கில் தாங்குகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தப் பாட்டில் மேல் தனி மரியாதை.

காலி பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கையில் பிடித்துப் பாருங்கள். சாதாரண ஒயின் பாட்டிலைவிடக் கனம், கிட்டத்தட்ட 800, 900 கிராம். அடியில் உட்குழிவு. கண்ணாடியில் ஒரு சின்னக் குறை இருந்தால் போதும், வெடித்துவிடும். பிரான்சில் ஷாம்பெய்ன் வட்டாரத்துப் பாதாள அறைகளில் முன்காலத்தில் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்தார்களாம். ஷாம்பெய்ன் என்ற பெயர் அந்த வட்டாரத்துச் சரக்குக்கு மட்டும்தான் உரியது, அதனால் நாசிக் பாட்டிலில் அந்தப் பெயரைத் தேடாதீர்கள்.

சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செத்து வண்டலாகப் படியும். வண்டலோடேயே மாதக்கணக்கில் விட்டு வைப்பார்கள். ஷாம்பெய்னில் குறைந்தது 12 மாதம் வண்டலில் கிடக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பேக்கரிப் பக்கம் போகும்போது வருகிற ரொட்டி வாசனை சில பாட்டில்களில் வருவது இதனால்தான்.

இனி வண்டலை எடுக்க வேண்டும், வாயு போகக்கூடாது. இந்த இடத்தில்தான் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். துளை போட்ட சாய்ந்த மரச் சட்டத்தில் பாட்டில்களைக் கழுத்து கீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் திருப்பி, கழுத்தை இன்னும் கொஞ்சம் கீழே சாய்த்து, வாரக்கணக்கில் வண்டலை மூடிப் பக்கம் இறக்குவார்கள். இப்போது பெரும்பாலும் இயந்திரக் கூண்டு செய்கிறது. ஒரு கூண்டில் 504 பாட்டில், ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. மரச் சட்டம் நிறைய இடங்களில் காட்சிக்குத்தான். கூண்டு இருந்தால் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் காட்ட மாட்டார்கள்.

அப்புறம் பாட்டில் கழுத்தை மட்டும் மைனஸ் 25 டிகிரி வாக்கில் இருக்கிற உப்புக் கரைசலில் முக்குவார்கள். வண்டல் ஐஸ் கட்டியாக உறைந்து நிற்கும். நிமிர்த்தி மூடியைத் தட்டினால் உள்ளே இருக்கிற அழுத்தமே ஐஸை வெளியே துப்பிவிடும். குறைந்ததை நிரப்பி, கொஞ்சம் சர்க்கரைப் பாகும் சேர்த்து, தக்கையும் கம்பிக் கூண்டும் போட்டால் பாட்டில் தயார். உறையவைத்து, அந்த அழுத்தத்தையே கொண்டு சுத்தம் செய்கிற யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, அவர் எங்கள் ஷாப்பில் இருந்திருக்க வேண்டிய ஆள்.

வழிகாட்டிகள் இந்தப் பகுதியை ஐந்து நிமிஷத்தில் ஓட்டிவிட்டு ருசி அறைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். நிறுத்திக் கேளுங்கள்: இரண்டாவது முறை புளிக்கவைப்பது பாட்டிலிலா, டேங்கிலா? எந்தத் திராட்சை? வண்டலில் எத்தனை மாதம்? டேங்கில் செய்து பிரஷரோடு பாட்டிலில் அடைக்கிற முறையும் உலகத்தில் உண்டு, இத்தாலியின் ப்ரொசெக்கோ பெரும்பாலும் அப்படித்தான். அது தப்பு இல்லை, விலையும் குறைவு. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? லேபிளில் டிரெடிஷனல் மெத்தட் என்று இருந்தால் பாட்டிலில் செய்தது.

ருசி பார்ப்பது

வரிசையாக நாலைந்து ஒயினைக் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார்கள். ஸ்பார்க்ளிங்கை முதலில் கேளுங்கள். சிவப்பு ஒயின் குடித்த நாக்குக்கு அப்புறம் நுரை மட்டும்தான் தெரியும். பக்கத்தில் துப்பும் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்புவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இரண்டு ஆலை போகிறவர்கள் துப்பித்தான் ஆக வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குக் கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், கோதுமை எல்லாம் போட்டுப் பீங்கான் ஜாடியில் ஊறவைத்த ஒயின் கொடுப்பார்கள். எங்கள் லைனில் ஒரு ஆன்ட்டி செய்வது தேன் மாதிரி இருக்கும். அதை மட்டுமே ருசித்தவர்களுக்கு ப்ரூட் என்கிற இனிப்புக் குறைந்த ஸ்பார்க்ளிங் முதல் மடக்கில் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை கூடாது. இனிப்பு வேண்டும் என்றால் டெமி செக் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் ப்ரூட்டை இரண்டாவது மடக்கு குடிக்காமல் முடிவு கட்டாதீர்கள்.

கிளாஸைச் சுழற்றாதீர்கள், வாயு போய்விடும். சிவப்பு ஒயினுக்குச் செய்வதை இதற்குச் செய்யக்கூடாது. குமிழி வரிசையாகக் கிளம்பாமல் மந்தமாக இருந்தால் ஒயினைக் குறை சொல்லும் முன் கிளாஸை மாற்றிக் கேளுங்கள். கிளாஸ் சுவரில் ஒட்டியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத நூல் துணுக்குகளில் இருந்துதான் குமிழி பிறக்கிறது. சோப்புப் பசை படிந்திருந்தால் நுரை படுத்துவிடும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். நாசிக் மிசல் பாவ் பேர் போனது, ஆனால் அதை ருசி பார்த்த பிறகு சாப்பிடுங்கள். அந்த மிளகாய்க் காரத்தின் மேல் இந்த வாயு பட்டால் நாக்கு பற்றி எரியும். முன்னால் போஹா, சாபுதானா வடை போதும். கூடச் சாப்பிட எண்ணெயும் உப்பும் உள்ள எதுவும் பொருந்தும். புளிப்பும் குமிழியும் எண்ணெயை வழித்துக்கொண்டு போகும். ஆலை ரெஸ்டாரெண்டில் சீஸ் தட்டு நீட்டுவார்கள். எனக்குக் காசிமேட்டு நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்து வைத்தால் அதைவிடப் பொருத்தம் எதுவும் இல்லை என்று தோன்றுகிறது.

பாட்டில் வாங்கினால்

ஊருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். வெளி மாநிலத்து பாட்டிலை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் எடுத்து வருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சீரடிக்குத் திரும்புகிறவர்களும் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். பேசாமல் பயணத்தில் நாசிக்கைக் கடைசியாக வைத்து, ஒரு பாட்டில் வாங்கி, ஹோட்டலில் அனுமதி கேட்டுக்கொண்டு அன்றைக்கே முடித்துவிடுங்கள். சென்னையில் வேண்டுமானால் டாஸ்மாக் எலைட் கடையில் கேட்டுப் பாருங்கள்.

திறக்கும் முறையைக் கவனமாகப் படியுங்கள், கண் போகிற விஷயம். முதலில் நன்றாகக் குளிர வேண்டும். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம், அல்லது ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் அரை மணி. சூடான பாட்டிலில் அழுத்தம் கூடுதல், திறந்ததும் பாதி தரையில். குலுக்கவே கூடாது. மேல் காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கட்டை விரலைத் தக்கை மேல் வைத்துக்கொண்டே கம்பியைத் தளர்த்துங்கள். ஆறு அரைச் சுற்று. அதற்கு அப்புறம் விரலை எடுக்காதீர்கள், பாட்டிலை யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்காதீர்கள், ஃபேன், டியூப் லைட் பக்கமும் வேண்டாம். ஒரு துண்டைப் போர்த்தி, சாய்த்துப் பிடித்து, தக்கையை அசையாமல் இறுக்கிக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். தக்கை தானாக வெளியே வரப் பார்க்கும், விடாமல் தடுத்துக்கொண்டே வர விடுங்கள். பட்டென்று வெடித்தால் சினிமா. உஸ்ஸென்று மூச்சு விட்ட மாதிரி வந்தால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள்.

ஊற்றும்போது முதலில் கொஞ்சம், நுரை அடங்கியதும் மீதி. பாட்டிலில் மிச்சம் இருந்தால் கழுத்தில் ஸ்பூனைத் தொங்கவிட்டால் வாயு போகாது என்று யாராவது சொல்வார்கள். ஒரு பிரயோஜனமும் இல்லை. இதற்கென்றே பிடி வைத்த மூடி விற்கிறார்கள், போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். அது இல்லாவிட்டால் பக்கத்து அறைக்காரரைக் கூப்பிடுங்கள்.